பிள்ளையை வீட்டோடு வைத்துப் படிப்பிப்பது: வன்னியில் சிறுவர் கல்விப் பணிக்கு வருவோருக்கு

வன்னிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் முதலில் விசாரிப்பது காணியைப் பற்றித்தான். ஏ9 வீதியோரம் ஒரு ஏக்கர் என்ன விலை போகிறது, ஐம்பது பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு இல்லம் கட்ட எவ்வளவு முடியும், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் இந்த அத்தியாயம் அவர்களுக்கு மறுத்துத்தான் சொல்லப் போகிறது. கட்டடத்தை விடுங்கள். பிள்ளை இப்போது எந்த வீட்டில் படுத்தெழும்புகிறதோ, அந்த வீட்டிலிருந்தே அது பாடசாலைக்குப் போய்வர வழி செய்யுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இந்தத் துறையைத் தொழிலாக எடுக்க நினைக்கும் ஒருவர் வருடக்கணக்கில் செய்யவேண்டிய வேலை அதுதான்.

இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். வன்னியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தகப்பன் போரில் இறந்துவிட்டார் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார். தாய் கூலி வேலைக்குப் போகிறார் அல்லது மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளைகள் அம்மம்மாவின் பொறுப்பில். மூன்று வேளைச் சாப்பாடும் ஒழுங்கான படிப்பும் கிடைக்கட்டும் என்று அம்மம்மாவே ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் இல்லத்தில் விடுகிறார். அந்தச் சாப்பாடும் படிப்பும் அவர் வீட்டிலேயே கிடைத்தால் பிள்ளை ஏன் உறவை விட்டு வெளியேற வேண்டும்?

உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அரச இல்லங்களில் அடைபட்டிருந்த குழந்தைகளின் நிலை வெளியே தெரிந்தது. பின்னர் அங்கே நடந்த ஆய்வுகள், இல்லங்களில் விடப்பட்ட குழந்தைகளைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் தேறி வளர்ந்ததைக் காட்டின. குடும்பத்தில் வைத்துப் பராமரிப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும், இல்லம் கடைசித் தெரிவு என்ற வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அந்த டிசம்பரில் வன்னிப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். இலங்கையும் 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை ஒன்றை வகுத்து அதே திசையைக் காட்டியது. கொள்கை கடதாசியில் உண்டு. அதைக் கிராமத்தில் செய்துகாட்ட ஆள் வேண்டும்.

முன்னே நடந்தவர்கள்

பிள்ளையை வீட்டோடு வைத்துப் பார்க்கும் இந்த முறை வன்னிக்குப் புதிதும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் வவுனியாவில் மருத்துவர் இராஜசுந்தரமும், கட்டடக் கலைஞராக வெளிநாடுகளில் வேலை செய்து திரும்பியிருந்த எஸ். ஏ. டேவிட்டும் காந்தியம் அமைப்பை நடத்தினார்கள். 1977 வன்செயலில் எல்லாவற்றையும் இழந்து மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வன்னிக் காடுகளின் ஓரத்தில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. காந்தியம் அந்தக் குடியிருப்புகளில் முன்பள்ளிகளைத் திறந்தது, குழந்தைகளுக்குப் பால் கொடுத்தது, நடமாடும் மருத்துவ சேவை நடத்தியது. கிராமத்து இளம் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, முன்பள்ளி ஆசிரியைகளாகக் கிராமங்களுக்கே திருப்பி அனுப்பியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார், நெடுங்காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு 2015இல் நாடு திரும்பி, அதே ஆண்டு கிளிநொச்சியில் காலமானார்.

காந்தியத்தின் வரலாற்றை அரசியலுக்காகப் படிப்பவர்கள் அதிகம். வேலைமுறைக்காகப் படிப்பவர்களைக் காண்பது அரிது. கிராமத்துக்குத் தெரிந்த பெண், தாய்மார் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு கொட்டில், அங்கேயே பால், அங்கேயே மருந்து: இவ்வளவுதான் அதன் அமைப்பு. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் வன்னியின் ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை.

இல்லங்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிளிநொச்சிக் குருகுலம், ஜெயந்திநகர் மகாதேவ ஆச்சிரமம், வவுனியா கோவில்குளத்து அருளகம், 1991இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய செஞ்சோலை என்று இந்த மண்ணில் இல்லங்களின் வரலாறு நீளமானது. ஒரே எறிகணையில் குடும்பம் முழுவதையும் இழந்த பிள்ளைக்கு இல்லம்தான் வீடு. வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பிள்ளைக்கு இன்றும் அப்படித்தான். ஏற்கெனவே நல்லபடியாக நடக்கும் இல்லங்களுக்கு ஆசிரியர்களும் உளவளத்துணையாளர்களும் தேவைப்படுகிறார்கள். அங்கே போய் வேலை செய்யுங்கள். புதிதாக ஒன்று கட்டத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

வரவு இடாப்பிலிருந்து வீட்டு முற்றம் வரை

உங்கள் வேலை பாடசாலையின் வரவு இடாப்பில் தொடங்கும். அதிபரின் அனுமதியோடு ஒரு தவணைக்கான இடாப்பை எடுத்து ஆறுதலாகப் பாருங்கள். இடைவிலகல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் கிழமைக்கு ஒருநாள் வராது, பிறகு இரண்டு நாள், பிறகு தவணைப் பரீட்சைக்கு வராது, அதன்பிறகு அதன் பெயரை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016இல் மேல் எல்லை 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லித் தாயை வெருட்டுவதால் பிள்ளை வகுப்புக்குத் திரும்பாது.

வராத நாட்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மாரியில் மட்டும் வராத பிள்ளையிடம் பெரும்பாலும் ஒரு சோடிச் சீருடைதான் இருக்கும். சீருடைத் துணியை அரசாங்கம் 1993இலிருந்து இலவசமாகக் கொடுக்கிறது; தையல்கூலி கொடுப்பதில்லை. துணி கிடைத்தும் தைக்காமல் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. கச்சான் பிடுங்கும் காலத்தில் வராத பிள்ளை வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கிறது, தாய் தோட்டத்தில் நிற்கிறார். கொக்கிளாய், நாயாறு பக்கம் கரைவலைக் காலத்தில் குடும்பமே கடற்கரை மீன்வாடிக்குப் போய்விடும். ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் யானை நடமாடும் பாதையில் வீடு இருந்தால், பின்னேர வகுப்பு இருட்டுமுன் முடியாவிட்டால் பொம்பிளைப் பிள்ளையை அனுப்பமாட்டார்கள், அனுப்பாதது சரிதான். இந்த நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகப்பை கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போனால் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. முதலாவது பிள்ளைக்கு வேண்டியது தையல்கூலி. இரண்டாவதற்கு அந்தக் காலத்தில் மட்டும் சிறுபிள்ளைகளைப் பார்க்க ஒருவர். மூன்றாவதை வாடிக்குக் கிட்ட உள்ள பாடசாலையில் தற்காலிகமாகச் சேர்க்க இரு அதிபர்களும் பேச வேண்டும். நான்காவதற்கு வகுப்பு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே கொண்டுவந்தால் போதும், ஒரு சதமும் செலவில்லை.

பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். பெயர் எழுதிய வாகனத்தில் போகாதீர்கள். ஒழுங்கை முழுவதற்கும் அந்த வீட்டின் வறுமையை அறிவிப்பதாகிவிடும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போங்கள். தெரிந்த ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். முதல் நாள் படிவம் நிரப்ப வேண்டாம். "அம்மம்மா, பிள்ளை இரவில் எங்கே இருந்து படிக்கிறவர்?" என்று கேட்டால் அவரே எழும்பிக் காட்டுவார். ஒரு விளக்கு, பாயில் விரித்த கொப்பிகள், பக்கத்திலேயே சத்தமாக ஓடும் தொலைக்காட்சி, அல்லது வாங்கில் படுத்திருக்கும் குடிகார மாமா. மூன்று பக்க மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவதற்கும் மேலாக அந்த மூலையில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தகப்பனைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். 2009இல் போரின் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட, பிறகு திரும்பி வராத கணவரின் மனைவிக்கு அந்தக் கேள்வி பழைய கதை ஆகாது. உதவித் திட்டப் படிவத்தில் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். காணாமல் போனவருக்கு மரணத்தைப் பதியும் விசேட ஏற்பாடு 2010இல் சட்டமானது. மரணம் என்று சொல்லாமல், ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் வழி வந்தது. இரண்டும் உண்டு என்று விளங்கப்படுத்துங்கள். எது வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். பிள்ளையின் உதவிப்பணத்துக்காகக் கணவரின் மரணத்தை ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஒரு தாயை நெருக்குவது, எந்த நல்ல நோக்கத்தோடு செய்தாலும் கொடுமைதான்.

ஆவணங்கள் இந்த வேலையில் பாதி. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், பதுங்குகுழிக் காலத்தில் பிறந்து பதிவே இல்லாமல் வளர்ந்தவர்கள் இப்போது தாய் தந்தையராகிவிட்டார்கள். அவர்களுடைய பதிவில் உள்ள பிழை பிள்ளையின் பதிவுக்கும் வருகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை கேட்பார்கள். தரம் 9இலேயே ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழையும் எடுத்துப் பார்த்து, காலங்கடந்த பதிவு வேண்டுமானால் அப்போதே விதானையாரிடமும் பிரதேச செயலகத்திடமும் கூட்டிக்கொண்டு போங்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடித் திரிவதில் பயன் இல்லை. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையை அம்மம்மாவோ சிறியதாயோ வளர்த்தால், நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் நீதிமன்றத்துக்குப் போய் அவரைத் தகுந்த பராமரிப்பாளராக நியமிக்கக் கேட்கலாம். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அந்தக் கட்டளைத்தாள் கையில் இருந்தால் பாடசாலையிலும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் அம்மம்மாவின் சொல்லுக்குப் பெறுமதி வந்துவிடும்.

இன்னுமொன்று. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பதின்மூன்று, பதினான்கு வயதில் நின்றவர்கள்தான் இன்று உங்கள் முன் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார். போர் முடிந்தபின் பிறந்த பிள்ளைக்கு எதற்குப் போரின் பாதிப்பு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் துயரைத் தனித்தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாதித்த கூட்டு மனவடுவாக எழுதினார். அவருடைய நூல்களைப் படிக்காமல் இந்த வேலைக்கு வர வேண்டாம். தாய்க்கு நித்திரை இல்லாவிட்டால் பிள்ளையின் கணித மதிப்பெண் ஏறாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போவதும் கல்விப் பணிதான்.

எந்த வாசலால் உள்ளே வருவது

உயர்தரம் முடித்த ஒருவருக்கு நேரான வழி ஆசிரியத் தொழில். பூந்தோட்டத்தில் உள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி மூன்று வருடங்களில் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியே அனுப்புகிறது. ஆரம்பக் கல்வியைத் தெரிவு செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். தரம் 3இல் வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் தரம் 8இல் இடைவிலகுகிறது. பட்டதாரிகள் மாகாண ஆட்சேர்ப்பு மூலம் வரலாம். வன்னிப் பாடசாலைகளின் தீராத குறை, யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்து, கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை முடித்துவிட்டு இடமாற்றம் எடுத்துப் போகிறவர்கள். விடிய பஸ் ஏறி வந்து பாடசாலை விட்டவுடன் பஸ் ஏறும் ஆசிரியரை நான் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகும் அந்தக் கிராமத்தில் இருக்கிற ஆசிரியர்தான் பிள்ளையின் வீட்டைக் காண்பார். உதயநகரிலோ மல்லாவியிலோ முள்ளியவளையிலோ வாடகை வீடு எடுத்துத் தங்கத் தயாராக இருக்கிற ஒருவருக்கு இந்தத் துறையில் நிகரில்லை.

முன்பள்ளி ஆசிரியை வேலை மிகவும் தேவையானது, மிகக் குறைவாகச் சம்பளம் கிடைப்பது. பலருக்குக் கிடைப்பது ஊக்குவிப்புத் தொகைதான். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்குப் போனதற்கும் இந்தக் குறைந்த வருமானமே காரணம். மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது எந்த நாட்டுக்கும் அழகில்லை. கொடையாளர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு ஐந்து வருடம் கௌரவமான சம்பளம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அரச உத்தியோகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் கீழும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலும் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் மாவட்ட உத்தியோகத்தர்கள் உண்டு. சமூகப்பணியில் பட்டம் படிக்க விரும்பினால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தையும், வேலை செய்துகொண்டே முன்பிள்ளைப் பருவக் கல்வி படிக்கத் திறந்த பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். அரசசார்பற்ற நிறுவனங்களில் வேலை திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். மீள்குடியேற்றக் காலத்தில் கிளிநொச்சி நகரெங்கும் நிறுவனப் பலகைகள் நின்றன. பின்னர் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. அங்கே முறையாக எழுதவும் கணக்கு வைக்கவும் பழகலாம், இரண்டு மூன்று வருடம் பழகுங்கள். வாழ்நாள் தொழிலை அதன்மேல் கட்டாதீர்கள்.

காசு அனுப்புகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து மாதாமாதம் அனுப்புகிறவர்கள் இல்லாவிட்டால் இந்த மாவட்டங்களில் பல பிள்ளைகள் படித்திருக்கமாட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறி, காலைச் சாப்பாடு இல்லாமல் பிள்ளைகள் ஒன்றுகூடலில் மயங்கி விழுந்தபோது பழைய மாணவர் சங்கங்கள் காசு அனுப்பின. அந்த நன்றியோடுதான் பின்வருவதைச் சொல்கிறேன்.

பிள்ளையின் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் பொதுவாக 18 வயது வரை எடுக்க முடியாது. உயர்கல்விக்கு அது நல்லது, இந்த மாதச் செலவுக்கு உதவாது. மாதக் காசு தாயின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். காசை எண்ணுமுன் அரசாங்கம் தருவதைப் பெற்றுக்கொடுங்கள்: அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் விடுபட்டிருந்தால் மேன்முறையீடு, நன்னடத்தைத் திணைக்களத்தின் செவன சரண உதவி, இலவசப் பாடநூல். நிரப்பத் தெரியாததால் கைவிடப்பட்ட ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுப்பது பல மாத உதவிக்குச் சமம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஐந்து பேர் வருவார்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பவருக்கு ஒருவரும் வருவதில்லை. அவரைத் தெரிவு செய்யுங்கள்.

பிள்ளையின் படத்தையும் குடும்பக் கதையையும் முகநூலில் போடாதீர்கள். கொடுத்தவருக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம். வரவு வீதமும் தவணை அறிக்கையும் அனுப்பலாம். கையில் காசோலையைப் பிடித்தபடி நின்ற படத்தைப் பதினாறு வயதில் வகுப்புத் தோழர்கள் எடுத்துக்காட்டும்போது அந்தப் பிள்ளை படும் பாட்டைக் கண்டவர்கள் பிறகு படம் எடுக்கமாட்டார்கள். கொடையாளர் எவரையும் பிள்ளையோடு தனியே விடவும் வேண்டாம், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். துன்புறுத்தல் பற்றிச் சிறு சந்தேகம் வந்தாலும் நீங்களே விசாரணை நடத்தப் புறப்படாமல் 1929க்கு அழையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம் அது, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, வேலைக்கு வருகிறவர்களிடமும் காசு அனுப்புகிறவர்களிடமும் ஒரே வேண்டுகோள். ஒரு பிள்ளையைத் தரம் 6இல் பொறுப்பெடுத்தால் சாதாரண தரம் முடிய ஆறு வருடம், உயர்தரத்துக்கு இன்னும் இரண்டுக்கு மேல். அவ்வளவு காலம் நிற்க முடியுமா என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள். முடியும் என்றால் இந்தத் தவணையிலேயே ஒரு அதிபரைச் சந்தியுங்கள். முடியாது என்றால் பிள்ளையின் பெயரைக் கேட்காமல், அதே காசைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். அதுவும் நல்ல உதவிதான். இரண்டு வருடம் கொடுத்துவிட்டு மூன்றாம் வருடம் நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.